நாரத்தை போன வழி

ஏப்ரல் 21, செவில்

ஏப்ரல் திருவிழா முந்தின நாள்தான் முடிந்திருக்கிறது. ஒரு வாரம் விடிய விடிய ஆடிய ஊர், ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை கதவைத் திறக்கவில்லை. காப்பிக்காக முக்கால் மணி நேரம் அலைந்தோம். எனக்குத் தலைவலி, தம்பிக்குக் கோபம். வெயில் வேறு சித்திரை மாதத்து மதுரை போல் அடித்தது.

தம்பி நெதர்லாந்தில் டெல்ஃப்ட் ஊரில் வேலை பார்க்கிறான். தெற்கே ஸ்பெயினின் செவிலிலிருந்து வடக்கே ரயிலிலேயே போகலாம் என்பது அவன் யோசனை. எந்த ஊர்களில் இறங்குவது என்பதை நான் தீர்மானித்தேன். "இங்க ராஜா பிறந்தநாளுக்கு ஊரே ஆரஞ்சு கலர் உடுத்தும்க்கா, ஆனா ஆரஞ்சுப் பழத்தை ஆரஞ்சுன்னு சொல்ல மாட்டாங்க" என்று அவன் ஒருமுறை போனில் சொன்னது மனதில் குடைந்துகொண்டே இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது என்று முடிவு.

செவிலில் ஆரஞ்சு மரம் தோப்பில் இல்லை, தெருவில் இருக்கிறது. நம் ஊரில் புங்கனும் வேம்பும் நிற்கிற இடத்திலெல்லாம் இங்கே ஆரஞ்சு. நகருக்குள் மட்டும் 40 ஆயிரத்துக்கு மேல் மரங்கள். பெரும்பாலும் அறுவடை முடிந்துவிட்டது, உச்சிக் கிளைகளில் மட்டும் சில பழங்கள். பேராலய முற்றத்தில் தம்பி தாழ்ந்த கிளை ஒன்றுக்குக் கை நீட்டினான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "நோ, நோ, ஆமார்கா!" என்று சத்தம் போட்டு, முகத்தை அஷ்டகோணலாக்கிக் காட்டினார். கசப்பாம். கீழே விழுந்திருந்த ஒன்றை எடுத்து நகத்தால் தோலைக் கீறி என் மூக்கருகே நீட்டினார். எங்கள் பாட்டி வீட்டு அடுக்களை வாசனை! உப்பு நாரத்தங்காய் ஜாடியைத் திறந்தால் வருமே, அதே.

இது நம் நாரத்தையின் பங்காளிதான். பெயரும் கூடவே வந்திருக்கிறது. சமஸ்கிருதத்தில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிய மொழியில் நரங்ஹா. முதலில் இருக்கும் நாரங்கமே ஏதோ ஒரு திராவிட மொழியிலிருந்து போனது என்பது மொழியியலாளர் பலர் கருத்து. மலையாளத்தில் இன்றும் நாரங்ங என்றால் எலுமிச்சை வகை. கசப்பு ஆரஞ்சை ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தவர்கள் அரபிகள். நாங்கள் நின்ற முற்றமே ஒரு காலத்தில் மசூதியில் தொழுகைக்கு முன் கை கால் கழுவும் இடம். மரத்துக்கு மரம் தண்ணீர் ஓடும் வாய்க்கால் இன்னும் கல்லில் அப்படியே இருக்கிறது. ஆரஞ்சுப் பூவுக்கு இங்கே அஸஹார் என்று பெயர். அரபியில் அதற்கு வெறுமனே 'பூ' என்றுதான் பொருள். மதுரையில் பூ என்றாலே மல்லிகைதானே, அந்த மாதிரி.

ஏப்ரல் 22, செவில்

தெருவுக்குத் தெரு காய்த்தாலும் இந்த ஊர்க்காரர்கள் இதைத் தின்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் விளைவதில் பெரும்பகுதி பிரிட்டனுக்கு மர்மலேட் என்னும் ஜாம் செய்யப் போகிறது. நகரத் தெருவில் உதிர்வதில் கொஞ்சத்தைப் பிழிந்து, புளிக்க வைத்து, வாயு எடுத்து மின்சாரம் தயாரித்துப் பார்த்தார்கள். நம் ஆட்களாக இருந்தால் ஒரு பழம் விடாமல் உப்பில் போட்டு வெயிலில் காய வைத்திருப்போம்.

சாந்தா பௌலா மடத்துக் கன்னியர் செய்யும் மர்மலேட் நன்றாக இருக்கும் என்றார்கள். போனோம். முக்காடிட்ட அம்மா ஒருவர் கதவைத் திறந்து, நாங்கள் கேட்பதற்கு முன்பே ஒரு ஜாடியை எடுத்து வைத்தார். 5 யூரோ. சில்லறை இல்லை என்றதும் கையை விரித்துச் சிரித்தார், அவரிடமும் இல்லை. கடைசியில் இரண்டு ஜாடி வாங்க வேண்டியதாயிற்று. கன்னியரோ கோயில் வாசல் தேங்காய்க் கடைக்காரரோ, சில்லறை விஷயத்தில் உலகம் ஒன்றுதான்.

மர்மலேட் கதையும் கொஞ்சம் கோணல்தான். அந்தச் சொல் போர்ச்சுகீசியர்களுடையது, அதில் ஆரஞ்சே கிடையாது. சீமை மாதுளையை அவர்கள் மர்மேலு என்பார்கள், அதைக் கிளறிச் செய்த அல்வா மர்மெலாடா. பிரிட்டன்காரர்கள் சொல்லை எடுத்துக்கொண்டு, பழத்தை மாற்றிவிட்டார்கள். 1979இல் ஐரோப்பியச் சமூகம் போட்ட ஒரு விதி பல ஆண்டுகள் நடப்பில் இருந்தது: எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் செய்ததை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம். சொல்லைப் பெற்ற போர்ச்சுகல்லின் பண்டம் அந்தக் கணக்கில் சேரவில்லை. இதைத்தான் உடையவனுக்கே உள்ளே இடமில்லை என்பது.

சாயங்காலம் ஒரு சந்துக் கடையில் ஆரஞ்சு ஒயின் என்று எழுதியிருந்தது. தம்பி குடித்தான், கோப்பை இரண்டரை யூரோ. நான் சால்மோரெஹோ சாப்பிட்டேன். தக்காளியும் ரொட்டியும் பூண்டும் எண்ணெயும் சேர்த்து அரைத்த குளிர்ந்த கூழ். மேலே தூவியிருந்த பன்றி இறைச்சித் துணுக்குகளை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டால் நம் நாக்குக்கு ஒத்துப்போகிறது.

ஏப்ரல் 23, பார்சிலோனா

விடியற்காலை ரயில், ஐந்தரை மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே ஆலிவ், ஆலிவ், மறுபடியும் ஆலிவ்.

இன்று புனித ஜோர்டி நாள். கட்டலான்காரர்கள் ஒருவருக்கொருவர் ரோஜாவும் புத்தகமும் கொடுத்துக்கொள்ளும் நாள் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. ராம்ப்லா தெருவில் கால் வைக்க இடமில்லை. ஒரு ரோஜா 5 யூரோ! தோவாளைக்காரர் யாராவது பார்த்தால் நெஞ்சு வெடித்துவிடும். ஆனால் புத்தகக் கடைகளில் வரிசை கட்டி நிற்கும் கூட்டத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

இங்கே ஆரஞ்சுக்குத் தரோஞ்சா என்று பெயர். நரங்ஹாவின் தங்கை என்று நினைக்கத் தோன்றும். இல்லை, வேறு குடும்பம். அரபியில் துருஞ்ச் என்பது கடாரங்காய் வகை. அந்தச் சொல்தான் கட்டலான் மொழியில் ஆரஞ்சின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அதே துருஞ்ச் ஸ்பானிய மொழியில் தொரோங்ஹா ஆகி, கிரேப்ஃப்ரூட் என்னும் பெரிய கசப்புப் பழத்தைக் குறிக்கிறது. ஆக, ஒரே சொல் ஒரே நகரத்தில் இரண்டு பழம்.

இது எப்படித் தெரிந்தது என்றால், தம்பி உள்ளூர் மொழி பேசுகிறேன் என்று ஒரு கடையில் "தொரோங்ஹா ஜூஸ்" கேட்டான். பரிமாறிய பெண் கொண்டுவைத்தது இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அவன் முழித்ததைப் பார்த்து அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்தவர். ஆங்கிலமும் கைச்சாடையுமாக விளக்கினார்: அவருடைய ஊரில் இந்தக் கசப்புப் பழம்தான் தொரோங்ஹா. அப்படியென்றால் தித்திப்பு ஆரஞ்சு? "சீனா" என்றார். கடையில் போய்ச் "சீனா ஒரு கிலோ" என்றுதான் கேட்பார்களாம். எனக்குச் சாத்துக்குடி நினைவு வந்தது, நாமும் பழத்தின் பெயர் போலவா அதைச் சொல்கிறோம்?

நல்ல ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார். நாலரை யூரோ. முதல் ஜூஸுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "நீங்க குடிக்கலையே" என்பது அவர் கணக்கு.

ஏப்ரல் 24, ஒராஞ்ஜ்

பிரான்ஸின் தென்பகுதியில், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் சின்ன ஊர். பெயரே ஆரஞ்சு, உள்ளூர் உச்சரிப்பில் ஒராஞ்ஜ். அவிஞ்ஞோனில் இறங்கி, வேறு ரயில் மாறி வந்தோம். கைபேசியில் ஊர் பெயரைத் தட்டினால் முதலில் வருவதெல்லாம் அதே பெயரில் இருக்கும் தொலைபேசி நிறுவனத்தின் சிம் கடைகள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மிஸ்த்ரால் காற்று பிடித்துக்கொண்டது. வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியே இறங்கும் காற்று. வானம் துடைத்து வைத்தாற்போல் நீலம், வெயில் பளீர், ஆனால் பல் கிட்டிக்கிறது. என் சால்வை ஒரு முறையும் தம்பியின் தொப்பி இரண்டு முறையும் பறந்தன. தொப்பியை ஒரு தபால்காரர் காலால் மிதித்துப் பிடித்து, தூசி தட்டி, "போன்ழூர்" சொல்லிக் கையில் கொடுத்தார். இந்த ஊரில் போன்ழூர் சொல்லாமல் எதுவும் நடப்பதில்லை. ரொட்டிக் கடையில் நேராக விலையைக் கேட்டேன், அந்த அம்மா நான் போன்ழூர் சொல்லும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ரோமானிய அரங்கு ஒன்று இருக்கிறது. மேடைக்குப் பின்னால் 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரத்துக்கு ஒரே சுவர். தன் ராஜ்யத்திலேயே மிக அழகான சுவர் இதுதான் என்று பதினான்காம் லூயி மன்னர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதே லூயிதான் 1673இல் குன்றின் மேலிருந்த கோட்டையை இடித்துத் தள்ளினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படிக்கட்டில் உட்கார்ந்து கீரை வைத்த பஃப்ஸ் மாதிரி ஒன்றைத் தின்றோம். காற்று பாதி மாவை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

ஊர்ப் பெயருக்கு வருகிறேன். இந்த ஊருக்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரோமானியர் காலத்தில் இது அரௌஸியோ. அதற்கும் முன்பு இங்கிருந்த கெல்ட் மக்களின் நீர்த்தெய்வம் ஒன்றின் பெயர் அது. நூற்றாண்டுகள் போகப் போக வாயில் தேய்ந்து ஔரெஞ்ச் ஆனது. இன்னொரு பக்கம் நாரஞ்ச் என்னும் பழச்சொல் இத்தாலி வழியாகவும் தென்பிரான்ஸ் வழியாகவும் வரும்போது முன்னால் இருந்த 'ந' உதிர்ந்து போனது. 'ஒரு' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'உன்' என்பதன் கடைசி எழுத்தோடு அது ஒட்டிக்கொண்டதால் வந்த வினை. தங்கத்துக்குப் பிரெஞ்சில் 'ஓர்', அதுவும் சேர்ந்து இழுத்திருக்கிறது. நீர்த்தெய்வம் ஒரு பக்கம், நாரத்தை ஒரு பக்கம், இரண்டும் நடந்து நடந்து ஒரே எழுத்துக்கூட்டில் வந்து மோதிக்கொண்டன. ஊர்க்காரர்களும் விடவில்லை, நகரச் சின்னத்தில் ஆரஞ்சுக் கிளையைப் போட்டுக்கொண்டார்கள்.

ஏப்ரல் 25, ஒராஞ்ஜ்

வியாழக்கிழமைச் சந்தை. வெள்ளைத் தண்ணீர்விட்டான் குருத்து, கார்ப்பந்த்ராஸ் ஸ்ட்ராபெர்ரி, ஆட்டுப்பால் சீஸ், சோப்பு, கூடை. ஆரஞ்சு எங்கேயிருந்து வருகிறது என்று பழக்கடைக்காரரிடம் கேட்டோம். "வலென்சியா" என்றார். ஆரஞ்சில் விளைந்த ஆரஞ்சு இல்லையா? இந்தக் கேள்வியைத் தினம் பத்து வெளியூர்க்காரர்களாவது கேட்பார்கள் போலிருக்கிறது. அலுத்துக்கொள்ளாமல் ஒரு சுளை உரித்துக் கொடுத்து, "காற்றைப் பார்த்தீர்கள் அல்லவா, இங்கே எப்படிக் காய்க்கும்?" என்றார். கிலோ 2 யூரோ 80 சென்ட்.

அறையில் உட்கார்ந்து தம்பி சரித்திரம் சொன்னான். இந்த ஊர் நெடுங்காலம் ஒரு குட்டி சமஸ்தானம். 1544இல் இதன் இளவரசர் வாரிசில்லாமல் இறந்துபோக, பட்டம் ஜெர்மனியில் இருந்த 11 வயதுச் சித்தப்பா மகனுக்குப் போனது. அவர்தான் பின்னாளில் ஸ்பெயினை எதிர்த்து டச்சுக்காரர்களைத் திரட்டிய வில்லியம். அதிலிருந்து டச்சு அரச குடும்பம் ஒராஞ்ஜ் குடும்பம். ஊர் 1713இல் பிரான்ஸுக்குப் போய்விட்டது, பெயரை மட்டும் அவர்கள் விடவில்லை. அயர்லாந்தின் ஆரஞ்சு ஊர்வலங்களும் தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு நதியும் இந்தக் குடும்பத்தால் வந்த பெயர்கள்தான். காற்றில் பழம் நிற்காத ஊரின் பெயரில் அங்கே ஒரு ஆறு ஓடுகிறது!

ஏப்ரல் 26, ரயில்

இந்த நாளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, எழுதாமலும் இருக்க முடியவில்லை. பாரிஸ் போகும் ரயில் நடுவழியில் நின்றது. அறிவிப்பு வந்தது, புரியவில்லை. பாரிஸில் ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்குப் பெட்டியோடு ஓடி, கண் முன்னால் அடுத்த ரயிலை விட்டோம். பிரஸ்ஸல்ஸ் வரை ஏதோ ஒரு வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது இரவு பத்தரை. அதற்கு மேல் வடக்கே வண்டி இல்லை. நிலையத்துக்குப் பக்கத்தில் 118 யூரோவுக்கு ஒரு அறை. குழாயில் வெந்நீர் வரவில்லை, வெளியே மழை.

திறந்திருந்த ஒரே கடையில் தயிரும் ரொட்டியும் ஆரஞ்சு ஜூஸும் வாங்கினோம். பெட்டியின் அடியில் பஸ், ரயில் குமட்டலுக்காக நான் எப்போதும் வைத்திருக்கும் உப்பு நாரத்தங்காய் இருந்தது. ரொட்டியைத் தயிரில் பிய்த்துப் போட்டு, நாரத்தங்காயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டோம். இந்தப் பயணத்தின் மிக நல்ல சாப்பாடு இதுதான், செவிலுக்கும் பார்சிலோனாவுக்கும் மன்னிப்பு.

ஜூஸ் டப்பாவில் பிரெஞ்சு ஒரு பக்கம், டச்சு ஒரு பக்கம். டச்சுப் பக்கத்தில் இருந்ததை அப்படியே பிரித்தால் சீனா ஆப்பிள் சாறு. "ஆனா யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்கக்கா" என்றான் தம்பி. நெதர்லாந்துக் கடையில் ஜூஸ் மட்டும் வேண்டுமானால் பிரெஞ்சுப் பெயரைச் சுருக்கி "ஷூதரான்ஸ்" என்பார்களாம். பழம் சீனாக்காரர், பிழிந்தால் பிரெஞ்சுக்காரர்.

ஏப்ரல் 27, டெல்ஃப்ட்

மன்னர் பிறந்தநாள். ரயிலில் ஏறியவர்கள் எல்லாம் ஆரஞ்சு: சட்டை, மீசை, நாய்க்குட்டியின் கழுத்துப் பட்டை. எங்கள் இருவரைத் தவிர. தம்பி தன் நிறுவனத்தின் நீலச் சட்டையில் இருந்தான். எதிரே இருந்த கல்லூரிப் பெண் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து இரண்டு ஆரஞ்சு இறகு மாலைகளை எடுத்து எங்கள் கழுத்தில் போட்டுவிட்டு, மறுபடியும் கைபேசிக்குள் போய்விட்டார். உரிமம் வாங்காமல் யாரும் தெருவில் கடை போடலாம் என்பதால் ஊரே பழைய சாமான் சந்தை. ஐந்து வயதுப் பையன் தன் பொம்மைக் காரை 50 சென்ட்டுக்கு விற்றான். பேரம் பேசினேன், அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையாட்ட மறுத்தான். வழக்கமாக ரோஸ் நிறத்தில் இருக்கும் தொம்பூஸ் என்ற கிரீம் கேக் இன்று ஒரு நாள் ஆரஞ்சு மேல்பூச்சில் வரும். அதை எந்தப் பக்கம் கடித்தாலும் கிரீம் மறுபக்கம் பிதுங்குகிறது. கண்ணியமாகத் தின்ன வழி இருப்பதாகத் தெரியவில்லை. மதியம் தூறல். யாரும் குடை விரிக்கவில்லை.

இத்தனை ஆரஞ்சுக்கு நடுவே பழக்கடையில் எழுதியிருந்தது சீனாஸ்ஆப்பல், சீனாவின் ஆப்பிள். செவிலில் கண்ட கசப்புப் பழம் அரபிகளின் கை வழியே தன் பழைய பெயரோடு வந்தது. தித்திப்பு ஆரஞ்சு பரவலானது அதற்கு ஐநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, போர்ச்சுகீசியக் கப்பல்கள் கிழக்கே போய்த் திரும்பிய பிறகு. அந்தப் பழத்தின் ஊர் சீனா. வடக்கே ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் துறைமுகங்களில் இறங்கியபோது வாங்கியவர்கள் 'சீனா ஆப்பிள்' என்றார்கள். டச்சு, டேனிஷ், ஸ்வீடிஷ், ஃபின்னிஷ், ரஷ்ய மொழி வரை அந்தப் பெயர்தான் பல உருவத்தில். 'ஓரான்ய' என்ற சொல் டச்சுக்காரர்களுக்கு நிறம், ராஜா, கால்பந்து அணி. பழம் இல்லை.

ஏப்ரல் 29, டெல்ஃப்ட்

புதிய ஆலயத்தில் வில்லியமின் சமாதி. 1584இல் இதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார், அந்த மாளிகைச் சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. பளிங்குச் சிலையின் காலடியில் அவருடைய நாய் படுத்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அனைவரும் நாயைத்தான் பார்த்தார்கள், நானும். டச்சு அரச முத்திரையில் உள்ள வாசகம் இன்றும் பிரெஞ்சில்தான், 'நான் காத்து நிற்பேன்' என்று பொருள். அதுவும் ஒராஞ்ஜ் ஊரோடு வந்த சொத்து.

தம்பிக்கு லீவு முடிந்தது. ஸ்டேஷனில் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "மர்மலேட் ரெண்டு ஜாடி, எவ்வளவு கனம்!" என்று முணுமுணுத்து, ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

ஏப்ரல் 30, ஹாம்பர்க்

ஊருக்கு விமானம் இங்கிருந்து. தங்கிய விடுதிக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். காலை உணவில் அவர் வைத்தது 'ஆப்ஃபெல்ஸீன'. பல்பொருள் அங்காடியில் அதே பழத்துக்கு 'ஒராஞ்ஜ' என்று சீட்டு. அங்கே பழைய பெயர் இருந்த இடமே தெரியவில்லை. எனக்கு ஏனோ ஆப்ஃபெல்ஸீன பக்கம்தான் மனம் சாய்கிறது.

மாலையில் ரயில் நிலையத்தை ஒட்டிய ஸ்டைன்டாம் தெருவில் நடந்தேன். துருக்கி, அரபு, ஈரான், ஆப்கன் கடைகள். மசாலா வாசனை வந்ததும் கால்கள் தாமாக வேகம் பிடித்தன. ஒரு ஈரானியர் கடை. ஆரஞ்சுக் குவியலைக் காட்டி உங்கள் மொழியில் என்ன என்றேன். "போர்த்தகால்." வேலைக்கு நின்ற சிரியாப் பையன், "புர்துகால்" என்றான். துருக்கியில் போர்தகால், கிரேக்கத்தில் போர்தோகாலி என்று படித்திருந்தேன், ஆனால் நாரஞ்ச் என்ற சொல்லைக் கையில் எடுத்து மேற்கே கொடுத்த இரண்டு மொழிக்காரர்களும் தித்திப்புப் பழத்துக்குப் போர்ச்சுகல் என்று சொல்வதைக் காதால் கேட்கும்போது விசித்திரமாக இருந்தது. போர்ச்சுகல்காரர்கள் மட்டும் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது லரஞ்ஜா, நாரஞ்சின் இன்னொரு பிள்ளை. நாமும் வித்தியாசமில்லை. நாரத்தையை ஊறுகாய்க்கு ஒதுக்கிவிட்டு, ஊர் சுற்றித் திரும்பி வந்த சொல்லைத்தான் பழத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

"அப்போ நாரங்?" என்றேன். கடைக்காரர் முகம் மாறிவிட்டது. "நாரெஞ்ச்! அது வேறே!" என்று ஒரு பாட்டிலை எடுத்தார், கசப்பு ஆரஞ்சுச் சாறு, மீன் மேல் பிழிந்து சாப்பிடவாம். அப்புறம் காய்ந்த பூக்கள் கட்டிய பொட்டலம். பஹார் நாரெஞ்ச், தேநீரில் போட. முகர்ந்து பார்க்கக் கொடுத்துவிட்டு, நான் எந்த ஊர், எங்கள் ஊரில் நாரெஞ்ச் உண்டா, அதை என்ன செய்வோம் என்று விசாரித்தார். உப்பில் போட்டு மாதக்கணக்கில் காய வைப்போம் என்றதும் சிரியாப் பையனைக் கூப்பிட்டு அவனிடமும் சொன்னார். இருவரும் அதை நம்பவில்லை. பூப் பொட்டலம் 4 யூரோ, மூன்றரைக்குக் கொடுத்தார். பெட்டியில் தம்பி எடுத்துக்கொண்ட ஜாடியின் இடம் காலியாக இருந்ததால் இரண்டாக வாங்கிக்கொண்டேன்.